ரியல் மாட்ரிட்டுக்குக் கூடைப்பந்து அணி எப்படி வந்தது?

பனியன் பட்டறை (திருப்பூர்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. சின்னதா ஒரு பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். காலேஜ் பசங்க கொஞ்சம் பேர் கூடைப்பந்து ஜெர்சிக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். கை இல்லாத வெள்ளை ஜெர்சி, “ரியல் மாட்ரிட் மாதிரி” இருக்க வேண்டுமாம், கேப்டனுக்கு 10-ம் நம்பர். “அது ஃபுட்பால் டீம் ஆச்சே கண்ணு” என்றேன், சிரிக்கிறார்கள். லூக்கா டோன்சிச் அங்கிருந்துதான் அமெரிக்காவுக்கே போனார் என்கிறார்கள்.

இரண்டும் ஒரே கிளப்பா, இல்லை பேரை மட்டும் வாங்கிக்கொண்டு வேறு யாராவது நடத்துகிறார்களா? ஃபுட்பாலில் அவ்வளவு சம்பாதிக்கிறவர்கள் எதற்கு இதையும் கட்டி மேய்க்கிறார்கள்? எட்டாவது படிக்கிற என் பையனும் அரித்து எடுக்கிறான். தெரிந்தவர்கள் சொல்லுங்க.

காவேரிக்கரை (ஈரோடு)

ஒரே கிளப்தானுங்க அண்ணா. 1902-ல் கால்பந்து, 1931-ல் கூடைப்பந்து. ஒரே சின்னம், ஒரே தலைவர். கூடைப்பந்தில் வரவை விடச் செலவு ஜாஸ்தி, துண்டு விழுவதை ஃபுட்பால் காசு கட்டுகிறது. அவ்வளவுதான் சங்கதி.

டேபிள்காரர் (கோவை)

ஈரோட்டுத் தம்பி சொன்னது சரி. ஆனால் “அவ்வளவுதான் சங்கதி” என்று விட மனசு வரவில்லை. நான் கோவையில் வருஷக்கணக்காக டேபிளில் உட்கார்ந்து ஸ்கோர்ஷீட் எழுதியவன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்குங்க.

நம் ஊர் நாச்சிமுத்து கவுண்டர் கூடைப்பந்துக் கோப்பைக்கு யார் வருகிறார்கள்? ஐ.ஓ.பி., இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., ராணுவம், கடற்படை. ஆடுகிற பையன் அங்கே சம்பளக்காரன், பந்தை விட்ட பிறகும் வேலை இருக்கும். ரியல் மாட்ரிட் அப்படி இல்லை, உறுப்பினர்களுக்குச் சொந்தமான சங்கம். ‘சோசியோ’ என்பார்கள். சந்தா கட்டுகிறவர்கள் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். 1990-ல் ஸ்பெயின் ஒரு விளையாட்டுச் சட்டம் கொண்டுவந்து பெரும்பாலான தொழில்முறை கிளப்புகளைக் கம்பெனியாக மாற்றச் சொன்னது. கால்பந்தில் ரியல் மாட்ரிட், பார்சிலோனா, அத்லெட்டிக் பில்பாவோ, ஒசசூனா நான்குக்கும் விலக்குக் கிடைத்தது. அதனால் நஷ்டக் கணக்கைக் காட்டிக் கூடைப்பந்தை மூடச் சொல்ல அங்கே முதலாளி என்று ஒருத்தர் கிடையாது. ஆனால் ஆட்டக்காரனுக்கு நம் பேங்க் பையனின் நிம்மதி இல்லை. ஒப்பந்தம் முடிந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

1931-ல் ஆரம்பித்தார்களே தவிர, ரொம்ப நாள் அது ஒரு ஓரத்துப் பிரிவு. அதை நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர் ரைமுண்டோ சப்போர்த்தா. 1952-ல் கிளப்பின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு ஒரு கூடைப்பந்துப் போட்டி நடத்திக் கொடுக்க வந்தவர். தலைவர் சாந்தியாகோ பெர்னபேவு ஆளைப் பார்த்ததும் விடவில்லை, கிளப்பிலேயே உட்கார வைத்துவிட்டார். மறு வருஷம் கால்பந்து மேதை டி ஸ்டெஃபானோவைக் கொண்டுவந்த பேரத்தில்கூட இவர் கை இருக்கிறது. ஆனால் மனசு கூடைப்பந்தில்தான். 1957-ல் ஸ்பெயினின் தேசிய லீக் தொடங்கியது, முதல் பட்டமே மாட்ரிட்டுக்கு. அப்போதெல்லாம் சொந்த அரங்கம் கிடையாது. பெலோட்டா என்று சுவரில் பந்தடிக்கிற ஆட்டம் ஒன்று உண்டு, அந்தக் கூடத்தில்தான் மேட்ச். 1960-களின் நடுவில்தான் தனி அரங்கம் வந்தது. பிற்பாடு அதற்கு சப்போர்த்தா பெயரையே வைத்தார்கள். இப்போது அது இல்லை, 2004-ல் இடித்துவிட்டார்கள்.

இனி நம்ம டேபிள் விவகாரம். 1962 ஜனவரி, இத்தாலியில் வரேசே ஊர் அணியோடு ஐரோப்பியக் கோப்பை மேட்ச். இரண்டு நொடி பாக்கி, 80-80. அந்தக் காலத்தில் இரண்டு ஊரிலும் ஆடி, புள்ளிகளைக் கூட்டித்தான் யார் மேலே போவது என்று முடிவாகும். மாட்ரிட்டின் முக்கிய ஆட்கள் களத்தில் இல்லை. கூடுதல் நேரம் போனால் பத்துப் பாயிண்டில் தோற்றாலும் தோற்கலாம். பயிற்சியாளர் பெத்ரோ ஃபெர்ராண்டிஸ் டைம் அவுட் கேட்டார், ஏதோ சொன்னார். லொரென்சோ அலோசென் பந்தை வாங்கித் தன் கூடையிலேயே போட்டார்! 82-80, தோல்வி. திரும்பி வந்து மாட்ரிட்டில் 83-62 என்று அடித்தார்கள். இது குயுக்தியா மோசடியா என்று இன்னும் சண்டை உண்டு. என்னைக் கேட்டால் சுத்தமான கணக்கு. விதியில் ஓட்டை இருந்தது, அவர் கண்ணில் பட்டது. சர்வதேச சம்மேளனம் உடனே ஓட்டையை அடைத்தது.

இப்போதைய விதியில் வேண்டுமென்றே தன் கூடையில் போட்டால் வயலேஷன், அதாவது விதிமீறல், பாயிண்ட் கிடையாது. தெரியாமல் போட்டால் இரண்டு பாயிண்ட், களத்தில் நிற்கிற எதிரணிக் கேப்டன் பேரில் எழுத வேண்டும். ஒரு ஸ்கூல் மேட்சில் ஒரு பையன் ரீபவுண்டு எடுத்த வேகத்தில் அப்படியே தன் கூடையில் போட்டுவிட்டான். அந்தப் பக்கத்துக் கேப்டன் மூச்சு வாங்க என் டேபிளுக்கு ஓடி வந்து, “சார், நான் போடவே இல்லை, என் நம்பருக்கு ஏன் எழுதறீங்க?” என்றான். இவ்வளவு நேர்மையா என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

சரி, கோப்பைக்கு வருவோம். இப்போது யூரோலீக் என்கிறோமே, அந்த ஐரோப்பியப் பட்டத்தில் முதலாவது 1964. அடுத்து 1965, 67, 68, 74, 78, 80 என்று வரிசையாக. அப்புறம் 1995-ல் லிதுவேனியாக்காரர் சபோனிஸ் அணியில் இருந்தபோது ஒன்று. அதற்குப் பிறகு இருபது வருஷம் காய்ந்து கிடந்தார்கள். 2015, 2018, 2023 என்று மீண்டும் வந்தது. ஆக மொத்தம் பதினொன்று. அவ்வளவு எந்தக் கிளப்பும் வாங்கியதில்லை. டோன்சிச் 13 வயதில் ஸ்லோவேனியாவிலிருந்து வந்து சேர்ந்தவர், 16-ல் பெரிய அணியில் இறங்கினார். 2018 இறுதிச்சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான்.

திருப்பூர்க்காரருக்கு ஒன்று: நிஜ மாட்ரிட் அணியில் 10-ம் நம்பரை யாருக்கும் தர மாட்டார்கள். அது ஃபெர்னாண்டோ மார்ட்டினுடையது. அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் ஆடிய முதல் ஸ்பானியர். 1989 டிசம்பர் 3 அன்று கார் விபத்தில் போய்விட்டார், 27 வயது. உங்கள் பசங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. 7 கேட்டால் போட்டுக் கொடுங்க, அது அங்கே டோன்சிச் போட்ட நம்பர்.

ஏற்காடு எக்ஸ்பிரஸ் (சேலம்)

மாட்ரிட் புராணம் கொஞ்சம் தூக்கலா இருக்குங்க சார். பார்சிலோனா கூடைப்பந்து 1926-லேயே ஆரம்பம், அஞ்சு வருஷம் மூப்பு. அப்புறம், உறுப்பினர் கிளப் என்றால் மூட மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். 1961-ல் எங்கள் பார்சிலோனா தலைவர் யௌதேத் கூடைப்பந்துப் பிரிவையே கலைத்தார், காரணம் காசு. ரசிகர்கள் சத்தம் போட்ட பிறகுதான் அடுத்த வருஷம் திரும்ப வந்தது. தேர்ந்தெடுத்த தலைவருக்கும் கத்திரிக்கோல் உண்டு.

டேபிள்காரர் (கோவை)

நல்ல இடத்தில் பிடித்தீங்க தம்பி. அந்த 1961-ல் மாட்ரிட்டில் சப்போர்த்தா இருந்தார், பார்சிலோனாவில் அப்படி உள்ளேயே இருந்து கூடைப்பந்துக்கு மல்லுக்கட்ட ஆள் இல்லை. வித்தியாசம் அங்கேதான் என்பது என் கட்சி. ஃபுட்பால் காசு இரண்டு கிளப்பிலும் இருந்ததே. உங்களவர்கள் 2003-ல் சொந்த ஊரில் முதல் யூரோலீக் வாங்கியதையும் 2010-ல் பாரிஸில் வாங்கியதையும் நான் மறைக்கவில்லை. கேட்டது மாட்ரிட் கதை.

பனியன் பட்டறை (திருப்பூர்)

ரொம்ப நன்றிங்க சார். 10 விஷயத்தைப் பசங்களிடம் பேசுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பையனை உட்கார வைத்துக் காட்ட ஏதாவது ஒரு பழைய மேட்ச் சொல்லுங்க.

டேபிள்காரர் (கோவை)

1989 கோப்பை வென்றோர் கோப்பை (யூரோலீக் இல்லை, ஐரோப்பாவின் இன்னொரு போட்டி) இறுதிப் போட்டி, ஏதென்ஸ். எதிரணி இத்தாலியின் கசெர்த்தா. மாட்ரிட்டுக்கு திராசென் பெட்ரோவிச் தனியாளாக 62 பாயிண்ட், எதிரே பிரேசிலின் ஆஸ்கார் ஷ்மிட் 44. கூடுதல் நேரத்தில் 117-113. ஸ்கோர் எழுதியவனின் கையை நினைத்துப் பார்த்தேன்.

பையன் பழைய வீடியோவைப் பார்க்க மாட்டேன் என்றால் 2023 யூரோலீக் இறுதி, கிரீஸின் ஒலிம்பியாகோஸுடன். மூன்று நொடி இருக்கும்போது செர்ஹியோ யுல் 2.18 மீட்டர் உயர மூஸ்தபா ஃபாலின் கைக்கு மேலே தூக்கிப் போட்டார், 79-78. அந்த மேட்சில் அவர் எடுத்த பாயிண்டே அந்த இரண்டுதான்! அதற்கு முன் காலிறுதியில் செர்பியாவின் பார்தீசானிடம் சொந்த ஊரிலேயே முதல் இரண்டு மேட்சையும் தோற்று, மேட்ச் கணக்கில் 3-2 என்று திரும்பியதும் பார்க்க வேண்டியது. இரண்டாவது மேட்ச் மட்டும் கடைசியில் அடிதடியாகி நின்றுபோனது. ஆளை அலாக்காகத் தூக்கித் தரையில் போட்டார்கள். அந்த இடத்தை ஓட்டிவிடுங்க, எட்டாவது பையன் நாளைக்கு ஸ்கூல் கிரவுண்டில் செய்து பார்ப்பான்.