ஒன்பது கோயில், ஓர் ஓம்னி, ஆறு பேர் சண்டை: டெல்டாவில் ஒரு குடும்பப் பயணக் காமெடி எடுக்க யோசனை வேண்டும்

குடந்தை_கதைசொல்லி:

வணக்கம். 100 நிமிடக் காமெடிப் படத்துக்குத் திரைக்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கும்பகோணத்துக் குடும்பம் ஒன்று ஒரே நாளில் நவகிரகக் கோயில் ஒன்பதையும் சுற்றக் கிளம்புகிறது. வண்டி, எதிரெதிர் சீட் போட்ட பழைய ஓம்னி. உள்ளே பாட்டி, மகன், மருமகள், மகனின் தங்கை, தங்கை வீட்டுக்காரர், காலேஜ் படிக்கும் பேத்தி. தாத்தா விட்டுப்போன மூணு மா (ஏறக்குறைய ஒரு ஏக்கர்) நிலத்துக்குத் தங்கையிடம் வழியிலேயே கையெழுத்து வாங்கிவிடுவது மகனின் திட்டம். "உனக்கு 87லேயே கல்யாணம் ஆயிடுச்சு, பங்கு கிடையாது, சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குப் போடு" என்பது அவர் வாதம்.

இடைவேளைக்கு முன்பே வெறும் பேச்சாக இழுக்கிறது. இவ்வளவு சண்டை போடுகிறவர்கள் ஏன் இறங்கி பஸ் ஏறிப் போகவில்லை என்ற கேள்விக்கும் என்னிடம் விடை இல்லை. சின்ன பட்ஜெட்டில் ஓம்னிக்குள் எப்படி எடுப்பது, எந்த மாதம் எடுப்பது என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெண்ணாற்றங்கரை:

முதலில் பாதையை முடிவு பண்ணுங்கள். உங்கள் திரைக்கதையின் முதுகெலும்பு அதுதான். ஒரே நாளில் முடிக்கிறவர்கள் வழக்கமாகப் போவது மேற்கிலிருந்து கிழக்காக: திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், கடைசியில் திருநள்ளாறு. விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டி எடுத்தால்தான் கஞ்சனூர் வரைக்கும் உச்சிக்குள் முடியும். அதன்பிறகு நடை சாத்திவிடுவார்கள். நாலு மணிவாக்கில்தான் திறப்பார்கள். உங்கள் படத்தின் நடுப்பகுதி நடை சாத்தியிருக்கும் அந்த நேரத்தில்தான் இருக்கிறது. வெயில், சாப்பிட்ட மயக்கம், போக இடமில்லை, வைத்தீஸ்வரன்கோயில் வாசலில் நிழல் தேடி நிற்கும் வண்டி. பெரிய சண்டையை ஓடும் வண்டியில் வைக்காமல் இங்கே வையுங்கள்.

கதை நடக்கும் நாளைச் சனிக்கிழமையாக வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை ராகு காலம் 9 முதல் 10.30. மூன்றாவது கோயிலான திருநாகேஸ்வரத்தில் ராகு காலப் பாலபிஷேகம் பார்த்தே தீரவேண்டும் என்று பாட்டி பிடிவாதம் பிடித்தால், ஆலங்குடியில் ஐந்து நிமிடம் தாமதமானாலும் வண்டிக்குள் பதற்றம் ஏறும். அதே சனிக்கிழமை என்பதால் திருநள்ளாற்றில் க்யூ நகராது. முதல் பாதியில் நேரத்தோடு ஓட்டம், கடைசியில் நகரவே முடியாத வரிசை, இரண்டும் ஒரே தேதியிலிருந்து கிடைக்கின்றன.

ஏன் இறங்கிப் போகவில்லை என்பதற்கு மூன்று முடிச்சு போடலாம். பாட்டியின் வேண்டுதல் முதலாவது: ஒன்பதில் ஒன்று விட்டாலும் பலன் இல்லை என்பது அவர் நம்பிக்கை. அடுத்தது செல்போன். 2022 டிசம்பர் உயர்நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை. ஆறு போனையும் ஒரே பையில் போட்டு ஒரே டோக்கன் வாங்கட்டும், அந்த டோக்கன் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் அந்தக் காட்சியின் ராஜா. மூன்றாவது முடிச்சு, மாப்பிள்ளை மரியாதை. தங்கை வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு இறங்கிவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம் மைத்துனரைப் பின்னாலேயே ஓட வைக்கும்.

பேச்சு இழுக்கிறது என்றால் சீட்டுகளைப் பாருங்கள். உங்கள் ஓம்னியில் நடுவரிசை பின்பக்கம் பார்த்து இருக்கும். அதில் உட்காருகிறவருக்கு வளைவுகளில் குமட்டும். ஆகவே ஒவ்வொரு கோயிலிலும் ஏறும்போது இடம் மாறும். ஒன்பது கோயிலுக்கு ஒன்பது வரைபடம் போட்டு, யார் முழங்கால் யார் முழங்காலோடு இடிக்கிறது என்று குறித்துவிட்டு வசனம் எழுதுங்கள். பேசாமல் இருக்கும் இருவரை எதிரெதிரே உட்காரவைத்து, நடுவில் பாட்டியின் பித்தளைத் தூக்கை வைத்தால் போதும். தயிர்சாதம் சிந்தாமல் இருக்க இரண்டு பேரும் அதைப் பிடித்தாக வேண்டும். ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் தூக்கின் காதைப் பிடித்த கை.

வண்டி தள்ளும் காட்சி வைக்கிறீர்களா? 2006இல் வந்த லிட்டில் மிஸ் சன்ஷைனில் கிளட்ச் கெட்டுப்போய்க் குடும்பமே ஒவ்வொரு முறையும் தள்ளி ஓடி ஏறுவது எல்லோருக்கும் தெரியும். அதையே திரும்ப எடுக்க வேண்டாம். நம் ஊரில் வேறு தடைகள் இருக்கின்றன. அறுவடைக் காலத்தில் சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயும். நெல்லின் மேல் ஏற்றினால் காவலுக்கு இருக்கும் அம்மா விடமாட்டார், ஏற்றாமல் போனால் வாய்க்காலில் சக்கரம் இறங்கும். வைக்கோல் ஆக்சிலில் சுற்றிக்கொள்ளும், மாப்பிள்ளை வெள்ளை வேட்டியோடு வண்டிக்கடியில் படுத்து அரிவாளால் அறுத்தெடுக்க வேண்டியிருக்கும்.

ஒலியும்_ஒளியும்:

ஓம்னி நல்ல தேர்வு, ஆனால் இரண்டு விஷயம் தெரிந்து இறங்குங்கள். இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது, சத்தமும் சூடும் அங்கிருந்துதான் வரும். அதோடு பானெட் என்று சொல்ல முன்னால் ஒன்றும் இல்லை. சாதாரணக் காரில் பானெட்டில் கேமரா மாட்டுவதுபோல் இதில் முடியாது. பம்பரிலிருந்து பைப் ரிக் கட்ட வேண்டும், அது ஓட்டுகிறவர் பார்வையை மறைக்கும். ஆகவே முன்பக்க ஷாட் அனைத்தும் வண்டியைக் கட்டி இழுத்துத்தான் எடுக்க வேண்டும். நடிகர் வசனம் பேசிக்கொண்டே ஓட்டுவது எந்த ஷாட்டுக்கும் வேண்டாம்.

லோ-லோடரில் (தாழ்வான லாரி ட்ரெய்லரில்) வண்டியை ஏற்றலாம் என்று யாராவது சொல்வார்கள். கிராமச் சாலைகளில் மின்கம்பி தாழத் தொங்கும், வாய்க்கால் மதகுகள் சில எடை தாங்காது. ஏற்றினாலும் ஜன்னல் வழியே தெரியும் உலகம் ஒரு லாரியின் உயரத்திலிருந்து தெரியும், பார்க்கிறவருக்கு ஏதோ தப்பாகப் படும். இறுக்கமான இரும்பு பார் போட்டு 20-25 கிலோமீட்டர் வேகத்தில் இழுங்கள், காவல்துறை அனுமதியோடு, ஒரு கிலோமீட்டர் நேர்சாலையில். இரவுக் காட்சி எதற்கும் ஓட்டவே வேண்டாம். வண்டியை நிறுத்திவைத்து, கறுப்புத் துணி சுற்றி, பின்னால் ஒருவர் மூங்கில் கழியை ஸ்பிரிங்கின் மேல் மெல்ல அழுத்தி ஆட்டட்டும், பக்கவாட்டில் இரண்டு விளக்கு கடந்து போகட்டும். போதும்.

வெளியே வயல் வெளுத்துப் போகாமல் இருக்க ஜன்னல் கண்ணாடிக்கு உள்பக்கம் 0.6 என்டி ஷீட் (ஒளியைக் குறைக்கும் சாம்பல் நிற ஷீட்) ஒட்டுங்கள், இரண்டு ஸ்டாப் குறையும், அதாவது வெளிச்சம் கால்பங்காகும். சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டித் தேய்க்காவிட்டால் குமிழ் தெரியும். பக்கக் கதவைத் திறந்து எடுத்தால் ஷீட் வழியே தெரியும் பகுதியும் ஷீட் இல்லாத பகுதியும் ஒரே ஃப்ரேமில் வரும், அந்த ஷாட்டுகளைச் சாயங்காலத்துக்கு ஒதுக்குங்கள்.

ஒலிதான் இந்தப் படத்தின் உயிர். ஆறு பேருக்கும் சட்டையில் குத்தும் லேபல் மைக், கூரையில் ஒரு ஷாட்கன் மைக். சண்டை உச்சத்தில் கத்தினால் மீட்டர் எகிறும், 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் (மீட்டர் எகிறினாலும் பதிவைப் பிறகு சரிசெய்ய விடுவது) இருந்தால் கவலை இல்லை. ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேசுவதை வைட் ஷாட்டில் மட்டும் அனுமதியுங்கள். குளோஸப்பில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் உதடு மட்டும் அசைக்கட்டும், இல்லாவிட்டால் எடிட்டில் ஒரு வரியைக்கூட வெட்ட முடியாது. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் இன்ஜினை அணைத்து, அதே சீட்டில், கண்ணாடி ஏற்றி, அதே வசனத்தை ஒலி மட்டும் ஒருமுறை எடுங்கள். பிறகு டப்பிங் தியேட்டரில் பேசினால் அந்த நெரிசல் குரலில் வராது.

மூணு_மா:

சட்டப் பக்கம் மட்டும் சொல்கிறேன். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு வந்த 1989 தமிழ்நாட்டுத் திருத்தம் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தது, ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. உங்கள் அண்ணன் பாத்திரம் அந்த நினைப்பிலேயே நின்றுவிட்டார். 2005 மத்தியத் திருத்தமும் 2020 ஆகஸ்ட் உச்சநீதிமன்றத் தீர்ப்பும் வந்தபிறகு கல்யாண வருஷம் பொருட்டில்லை. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினை இருந்தால் கதை வேறு. தாத்தா சுயமாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் போயிருந்தால் 1956இல் வந்த மூலச் சட்டப்படியே மகளுக்குச் சமபங்கு.

எப்படிப் பார்த்தாலும் பாட்டிக்கும் பங்கு உண்டு. அவர் கையெழுத்தும் வேண்டும். இதைத் திரைக்கதையில் யாருமே யோசிக்கவில்லை என்றால் அதுதான் உங்கள் இரண்டாம் பாதி. மேலும், வண்டியில் போட்ட கையெழுத்தோடு விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) முடிந்துவிடாது. எழுதிய நாளிலிருந்து நாலு மாதத்துக்குள் சார்பதிவாளர் முன் தாக்கல் செய்து, எழுதிக்கொடுத்தவர் நேரில் ஒப்புக்கொள்ள வேண்டும். தங்கை அங்கே வந்து மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டால் பத்திரம் வெறும் காகிதம்.

குடந்தை_கதைசொல்லி:

பாட்டியின் பங்கு! மொத்த இரண்டாம் பாதியும் மாறுகிறது. மிக்க நன்றி. மாதம், அனுமதி பற்றி?

வெண்ணாற்றங்கரை:

நெல் காயும் சாலை வேண்டும் என்றால் ஜனவரி கடைசி, பிப்ரவரி. சம்பா அறுவடை, வெயில் மிதம், மழை பயம் குறைவு. குறுவை அறுவடையும் அழகுதான், ஆனால் அது முடிவதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். ஆடி மாதம் எடுக்கவே வேண்டாம், எந்தத் தெருவில் நின்றாலும் அம்மன் கோயில் ஒலிபெருக்கி மைக்கில் விழும். பிப்ரவரியிலும் ஒரு தொல்லை உண்டு: இன்று கதிரோடு நிற்கும் வயல் நாளை மறுநாள் அறுத்த அடித்தாள் மட்டும். ஒரு காட்சிக்கான எல்லா ஜன்னல் ஷாட்டுகளையும் அன்றே முடியுங்கள், முடியாவிட்டால் அறுத்து முடித்த பக்கத்தையே பின்னணியாக வையுங்கள்.

அனுமதி: எட்டுக் கோயில் தமிழ்நாட்டில், திருநள்ளாறு புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக் காரைக்கால் பகுதியில். இரண்டு அரசுகளிடமும் தனித்தனியே போக வேண்டும், மாதக்கணக்கில் முன்கூட்டியே. செலவைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. கேமராவைக் கோயிலுக்குள் கொண்டுபோகவே வேண்டாம். குடும்பம் உள்ளே போகும்போது நாம் செருப்பு விடும் இடத்தில் நிற்போம், திரும்பி வரும்போது யார் நெற்றியில் விபூதி கலைந்திருக்கிறது, யார் முகம் சிவந்திருக்கிறது என்று பார்ப்போம். உள்ளே நடந்த சண்டையைப் பார்க்கிறவர் தானே கட்டிக்கொள்வார். அதற்கு ஒரு சின்ன கிராமத்துக் கோயிலின் மதில் போதும், ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு எடுக்கலாம்.

ரயில்வே கேட் காட்சியும் நிச்சயம் எழுதுவீர்கள். நிஜ கேட்டில் எடுக்க ரயில்வேயிடம் தனி அனுமதி. ஆளில்லாத வயல் சாலையில் சிவப்பு வெள்ளை அடித்த ஒரு மூங்கிலை இறக்கி, ரயில் சத்தத்தைப் பின்னால் சேர்த்துக்கொள்ளுங்கள்.