புதுப்பிப்பு: பழைய டிவியில் புதிய ரிசீவர் வேலை செய்கிறது

எச்டிஎம்ஐ (படத்தையும் ஒலியையும் டிஜிட்டலாக அனுப்பும் இணைப்பு) வெளியீடு மட்டுமே உள்ள செயற்கைக்கோள் ரிசீவரை, ஆன்டெனா துளை மட்டுமே உள்ள படக்குழாய் டிவியுடன் இணைக்க வழி கேட்டிருந்தேன். இப்போது படமும் ஒலியும் வருகின்றன. பதில் எழுதியவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

முதலில் தேவைப்பட்டது எச்டிஎம்ஐ-யை ஏவி-யாக, அதாவது படமும் ஒலியும் தனித்தனிப் பின்களில் செல்லும் பழைய அனலாக் சிக்னலாக மாற்றும் கன்வெர்ட்டர். ஒரு முனையில் எச்டிஎம்ஐ, மறுமுனையில் மஞ்சள், சிவப்பு, வெள்ளைப் பின்கள் என்று விற்கப்படும் வெறும் கேபிளைத் தயவுசெய்து வாங்காதீர்கள். டிஜிட்டல் சிக்னலை அனலாகாக மாற்றும் சில்லு அதில் கிடையாது. கன்வெர்ட்டருக்கு 5 வோல்ட் மின்சாரம் வேண்டும். ரிசீவரின் யுஎஸ்பி துளையிலிருந்தே அது கிடைத்துவிட்டது.

அடுத்தது ஆர்எஃப் மாடுலேட்டர். ஏவி சிக்னலை ஒரு சேனலில் ஏற்றி ஆன்டெனா கேபிள் வழியே இது டிவிக்கு அனுப்புகிறது. டிவியை அந்தச் சேனலுக்கு டியூன் செய்ய வேண்டும். மஞ்சள் துளை உள்ள டிவிக்கு இது தேவையே இல்லை.

தொடக்கத்தில் படம் கறுப்பு வெள்ளையாகவே இருந்தது. கன்வெர்ட்டரின் ஓரத்தில் உள்ள சிறு சுவிட்சை என்டிஎஸ்சி-யிலிருந்து (அமெரிக்க டிவி நிற முறை) பிஏஎல்-க்குத் (நம் ஊர் டிவி நிற முறை) தள்ளியதும் நிறம் வந்தது. எவ்வளவு மகிழ்ச்சி!

முகங்கள் ஒல்லியாக நீண்டு தெரிந்ததை, ரிசீவர் அமைப்பில் உள்ள 4:3 லெட்டர்பாக்ஸ் (அகலப் படத்தைப் பழைய திரைக்குள் முழுதாக அடக்கும் தேர்வு) சரிசெய்தது. மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை வருகிறது, ஆனால் உருவம் இயல்பாக இருக்கிறது.

நிகழ்ச்சிப் பட்டியலின் சிறு எழுத்துகள் மட்டும் இன்னும் மங்கல்தான். எச்டி திரைக்காக வடிவமைத்த எழுத்துகள் பிஏஎல் படத்தின் 576 வரிகளுக்குள் சுருங்கும்போது அப்படித்தான் ஆகும்.