நிரல் (கோடு) எழுதாமல் வூகாமர்ஸ் கடையை மாற்றுவது: பட்டன் நிறம், படங்கள், வேரியேஷன்

கேள்வி – புதுக்கடை

வணக்கம். வேர்ட்பிரஸ் தளம், அதில் இணையக்கடை நடத்த வூகாமர்ஸ், பக்கங்களைப் பிளாக் எனும் துண்டுகளால் அடுக்கும் ஒரு பிளாக் தீம். கோடிங் தெரியாது. மூன்று இடத்தில் முட்டி நிற்கிறது.

முகப்பில் பட்டன்களைப் பச்சையாக்கினேன். பொருள் பக்கத்தில் இன்னும் கறுப்பாகவே இருக்கின்றன. கடைப் பக்கத்தில் படங்கள் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. வரிசையே கோணலாகத் தெரிகிறது. முக்கியமானது மூன்றாவது: சட்டைக்கு 4 அளவு, 5 நிறம் கொடுத்தாயிற்று. ஆனால் தேர்ந்தெடுக்கும் பெட்டிகளே வரவில்லை, பொருள் இருப்பில் இல்லை என்று காட்டுகிறது. சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) கற்றுத்தான் ஆக வேண்டுமா?

பதில் – வார்ப்பு

வேண்டாம். மூன்றுமே அமைப்பில் சரிசெய்யக்கூடியவைதான்.

பிளாக் தீமில் ஒரு நிறத்தை மூன்று இடத்தில் மாற்றலாம்: தளம் முழுமைக்கும் ஸ்டைல்ஸ், ஒரு வகைப் பக்கங்களுக்கு டெம்ப்ளேட், தனி ஒரு பிளாக். நீங்கள் முகப்பில் பட்டன் பிளாக்கைத் தொட்டு நிறம் கொடுத்திருக்கிறீர்கள், அது அந்த ஒரு பட்டனோடு முடிந்துவிடும். அப்பியரன்ஸ், எடிட்டர், ஸ்டைல்ஸ், கலர்ஸ், பட்டன் என்று போய் அங்கே பச்சையைக் கொடுங்கள். பிறகு முகப்புக்குத் திரும்பி, அந்தப் பட்டன்களின் கலர் பகுதியில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி ரீசெட் செய்யுங்கள். இதை விட்டுவிட்டால், நாளை ஸ்டைல்ஸில் நீலமாக்கினாலும் முகப்புப் பட்டன் பச்சையிலேயே நிற்கும். தனி பிளாக்கில் கொடுத்த நிறம் பொதுவான நிறத்தை எப்போதும் மீறும்.

பச்சையை எடுக்கும்போது எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வேறுபாடு) 4.5:1க்குக் குறையாமல் பாருங்கள். வெளிர்பச்சை மேல் வெள்ளை எழுத்து பெரும்பாலும் தேறாது.

படத்துக்கு: எடிட்டரில் டெம்ப்ளேட்ஸ், புராடக்ட் கேட்டலாக் திறந்து, படத்தின் பிளாக்கைத் தேர்ந்தெடுத்து ஆஸ்பெக்ட் ரேஷியோவை, அதாவது அகல உயர விகிதத்தை, சதுரமாக்குங்கள். படம் பொருந்தும் முறை கவர் என்றால் ஓரம் வெட்டுப்படும். கன்டெய்ன் என்றால் முழுப் படமும் தெரியும், பக்கத்தில் வெற்றிடம் விழும். கழுத்துப் பட்டி வெட்டுப்பட்ட சட்டையை யாரும் வாங்கமாட்டார்கள். ஆகவே படங்களையே முதலில் 1200 × 1200 பிக்சலில், நான்கு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு வெட்டி ஏற்றுவதே நல்லது.

பதில் – சரக்கறை

வேரியேஷனுக்கு (அளவு, நிறச் சேர்க்கை ஒவ்வொன்றும் ஒரு வேரியேஷன்) வருகிறேன். இந்த அறிகுறிக்கு வழக்கமான காரணங்கள் இரண்டு.

ஒன்று, ஆட்ரிபியூட் (அளவு, நிறம் போன்ற பண்பு) மட்டும் கொடுத்துவிட்டு வேரியேஷனை உருவாக்காதது. புராடக்ட் டேட்டாவில் வகை வேரியபிள் புராடக்ட் என்று இருக்கிறதா பாருங்கள். ஆட்ரிபியூட்ஸ் தாவலில் அளவு, நிறம் இரண்டிலும் "வேரியேஷனுக்குப் பயன்படுத்து" என்ற கட்டத்தில் டிக் வேண்டும். சேமித்த பிறகே வேரியேஷன்ஸ் தாவலுக்குப் போய் ஜெனரேட் அழுத்துங்கள்; 4 × 5 = 20 வரும்.

இரண்டு, விலை. வேரியேஷன் இருந்தும் விலை காலியாக இருந்தால் அது கடையில் தெரியாது. 20க்கும் ஒவ்வொன்றாக அடிக்க வேண்டியதில்லை, பல்க் ஆக்ஷனில் வழக்கமான விலையை ஒரே தடவையில் போட்டுவிட்டு, வேறுபடும் ஒன்றிரண்டை மட்டும் திருத்துங்கள்.

இருப்பை ஒவ்வொரு வேரியேஷனிலும் தனியாகக் கணக்கு வையுங்கள். பொருளின் மேல்மட்டத்தில் மொத்தமாக 40 என்று போட்டால், சிவப்பு பெரிய அளவு தீர்ந்தபின்னும் கடை அதை விற்றுக்கொண்டே இருக்கும்.

புதுக்கடை

மிக்க நன்றி. விலைதான் காலியாக இருந்தது. இப்போது 20ம் தெரிகின்றன. துணி வகை 3ம், சட்டையில் பெயர் அச்சிடும் வசதியும் சேர்க்கலாமா?

பதில் – சரக்கறை

துணி வகையைச் சேர்த்தால் 60 ஆகிவிடும். ஜெனரேட் ஒரு தடவைக்கு 50 வரைதான் உருவாக்கும், ஆகவே இரண்டு முறை அழுத்த வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை: 30ஐத் தாண்டினால், கிடைக்காத சேர்க்கைகளை வூகாமர்ஸ் முன்கூட்டியே மறைக்காது; வாங்குபவர் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து முடித்த பிறகே இல்லை என்று சொல்லும். அந்த எல்லையை உயர்த்த நிரல் எழுத வேண்டும். துணி வகைக்கு ஒரு பொருள் என்று மூன்றாகப் பிரித்துவிடுங்கள்.

பெயர் அச்சிடுவது வேரியேஷன் அல்ல. வாங்குபவர் தட்டச்சு செய்யும் எதற்கும் புராடக்ட் ஆட்-ஆன்ஸ் வகைச் செருகுநிரல் (பிளகின்) தான் சரி. எழுத்துகளுக்கு உச்சவரம்பு வையுங்கள், இல்லையென்றால் முழு வாக்கியமே வந்து சேரும்.

பதில் – வார்ப்பு

செருகுநிரல் போடுமுன் ஒரு விஷயம். வூகாமர்ஸ் 8.3 முதல் புதிய கடைகளில் செக்அவுட் (பணம் செலுத்தும்) பக்கம் பிளாக்காக வருகிறது. பழைய முறைக்கு எழுதிய செக்அவுட் செருகுநிரல்கள் அதில் பிழை எதுவும் காட்டாமலே வேலை செய்யாமல் போகலாம். செருகுநிரலின் விவரப் பக்கத்தில் பிளாக் செக்அவுட் ஆதரவு உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் கிளாசிக் செக்அவுட் பிளாக்குக்கு மாறலாம்.

பக்கங்களின் நகலைச் சேமித்து வேகமாகக் காட்டும் கேஷ் (cache) செருகுநிரல் இருந்தால் கார்ட் (வாங்கும் கூடை), செக்அவுட், மை அக்கவுண்ட் மூன்று பக்கங்களுக்கும் விலக்கு கொடுங்கள். பொருளைச் சேர்த்தும் கார்ட் காலியாகத் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.