படத்தைக் காட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? – அனுபவப் பகிர்வு

சென்னையிலிருந்து ஓர் உறுப்பினர்:

வணக்கம். போன மாதம் காசிமேட்டில் மீன் ஏலம் முடிந்த பிறகு டீக்கடையில் உட்கார்ந்து அவரவர் எடுத்த புகைப்படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி, மீன் தரம் பிரிக்கும் ஒரு அம்மாவின் படத்தைக் காட்டினார். "செம", "சூப்பர்" என்று போன் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது.

நான் என் கண் போன வழியை மட்டும் சொன்னேன். முதலில் வலது ஓரத்தில் இருந்த நீல பிளாஸ்டிக் டிரம்முக்குப் போனது. படத்திலேயே அழுத்தமான நிறம் அதுதான். அப்புறம் கூடை. முகத்துக்கு மூன்றாவதாகத்தான் வந்தேன். "நீங்க எதுக்காக இதை எடுத்தீங்க?" என்று கேட்டேன். "அந்தக் கைகளுக்காக அக்கா. என்ன வேகம்!" என்றார். படத்திலோ கைகள் மணிக்கட்டோடு கீழ் விளிம்பில் வெட்டுப்பட்டிருந்தன. நான் அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரே போனில் தேடி, கைகள் முழுதாக விழுந்த இன்னொரு படத்தை எடுத்து நீட்டினார். அதில் டிரம் இல்லை, முகமும் பாதிதான். ஆனால் அதுதான் அவர் எடுக்க நினைத்த படம்.

எடுத்தவருக்குத் தன் படத்தைப் புதிதாகப் பார்க்க முடியாது. அந்த இடத்தின் சத்தமும் வாடையும் அவர் மனசில் இருக்கும். நமக்கு அது கிடையாது. அதனால்தான் நம் கண் எங்கே போனது என்பது அவருக்குத் தேவைப்படுகிறது. உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து ஓர் உறுப்பினர்:

அக்கா கேட்ட கேள்வியைத்தான் நானும் கேட்பேன். எங்கள் வீட்டில் அப்பா ஸ்டுடியோ வைத்திருந்தார். பிலிம் காலத்தில் நெகட்டிவின் மேல் கூரான பென்சிலால் மெல்லத் தீட்டுவார்கள். தீட்டிய இடம் பிரிண்டில் வெளுத்து விழும். சுருக்கமும் தழும்பும் மறைந்துவிடும், முகம் ஒரு படி வெளுக்கும். கல்யாணப் பெண் படமென்றால் கேட்காமலேயே செய்வார்கள். அந்தப் பழக்கம் இப்போது போனுக்குள் வந்துவிட்டது. மற்றவர்கள் படத்தைப் பார்க்கும்போது எனக்கு முதலில் கண்ணில் படுவது இதுதான்.

உறவுக்காரப் பெண் ஒருத்தி தன் பாட்டியைத் திண்ணையில் உட்காரவைத்து எடுத்த படத்தை அனுப்பி, "மாமா, மனசுல பட்டதைச் சொல்லுங்க" என்றாள். பாட்டி காதில் பாம்படம் போட்டவர், காதுத் துளையை நீட்டித் தொங்கவிடும் கனமான பழைய காதணி அது. இப்போது தென்மாவட்டங்களிலும் தேடினால்தான் கிடைக்கும் காது அது. படம் போர்ட்ரெயிட் மோடில், அதாவது பின்னணியைப் போனே மங்கலாக்கும் முறையில் எடுத்தது. பின்னால் இருந்த சுவர் மங்கலாக இருந்தது, ஆனால் தொங்கும் காதுத் துளைக்குள் தெரிந்த சுவர் மட்டும் பளிச்சென்று இருந்தது. காதின் ஓர் ஓரம் கரைந்தே போயிருந்தது. முகம் மாவு பூசியது போல வெளுத்திருந்தது.

என்ன பிடித்தது என்பதை முதலில் சொன்னேன். பாட்டி கேமராவைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தது. பேத்தியிடம் போஸ் கொடுக்கத் தோன்றாத அளவுக்கு அவர் சாதாரணமாக இருந்தது. அதை எடுக்க வெளியாளுக்கு வாய்க்காது. அப்புறம், "எடிட் பண்ணாத படம் இருக்கா?" என்று கேட்டேன். வந்தது. அதிலும் முகம் கொஞ்சம் வெளுப்புதான். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். கறுத்த முகமும் இருட்டுச் சுவரும் படத்தின் சட்டத்தை (பிரேமை) நிறைத்தால் தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும். வெள்ளை வேட்டி நிறைந்திருந்தால் அதே மீட்டர் வேட்டியை அழுக்காக்கும். போனில் முகத்தைத் தொட்டதும் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்தால் தோலின் நிறம் திரும்பி வரும். இதை விளக்கினேன்.

அவள் சொன்ன பதில்தான் முக்கியம். "பாட்டிக்கே கறுப்பா விழுந்தா பிடிக்காது மாமா." அதற்கு மேல் நிறத்தைப் பற்றி நான் உபதேசம் பண்ணவில்லை. அது பாட்டியின் முகம், அவர் விருப்பத்தையும் கேட்க வேண்டும். "சரி, நிறத்தை விடு, வெளிச்சத்தைப் பாரு. பாட்டியை வாசப்படி பக்கம் நகர்த்தி உட்கார வை. பக்கவாட்டு வெளிச்சம் கன்னத்துல விழட்டும். போர்ட்ரெயிட் மோட் வேண்டாம், சுவரு தெரிஞ்சா தெரியட்டும்" என்றேன். அடுத்து வந்த படத்தில் பாட்டியின் நிறம் பாட்டியின் நிறமாகவே இருந்தது, முகமும் பிரகாசமாக இருந்தது. பாம்படத்தின் ஒவ்வொரு முடிச்சும் தெரிந்தது. பாட்டி அதைத்தான் கண்ணாடி போட்டு மாட்டச் சொன்னாராம்.

மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் விமர்சனம் வாங்கிய பக்கத்திலிருந்து சொல்கிறேன். அலங்காநல்லூரில் வாடிவாசலிலிருந்து மாடு பாயும் படம். காட்டிய எல்லோரும் "ஷார்ப்பா இல்லையே" என்று சொல்லி நகர்ந்துவிட்டார்கள். அது எனக்கே தெரியும்! ஏன் இல்லை என்பதுதான் தெரியாது.

ஓர் அண்ணன் மட்டும் படத்தைப் பெரிதாக்கி மெதுவாகப் பார்த்தார். "தடுப்புக் கட்டை கூர்மையா இருக்கு, மாடு மட்டும் இழுபட்டிருக்கு. அப்போ போகஸும் சரி, உங்க கையும் சரி, ஷட்டர் வேகம்தான் பத்தலை" என்றார். எல்லாமே ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் கை நடுக்கம். மாடு மங்கி, அதற்கு முன்னாலோ பின்னாலோ வேறு ஏதாவது கூர்மையாக இருந்தால் போகஸ் தப்பியது. பார்த்தால் 1/125-ல், அதாவது ஷட்டர் ஒரு நொடியில் 125-ல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கும்படி எடுத்திருக்கிறேன். "ஐஎஸ்ஓ ஏறினாலும் பரவாயில்லை, 1/1000-க்குக் கீழே இறங்காதீங்க" என்றார். (ஐஎஸ்ஓ என்பது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு.) மங்கல் எந்த வகை என்று பிரித்துச் சொன்ன அந்த நிமிடத்துக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். "ஷார்ப்பா இல்ல" என்று மட்டும் சொல்கிறவர்கள் தயவுசெய்து இன்னும் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லுங்கள்.

திருவண்ணாமலையிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் ஊருக்கு கேமராவோடு வருகிறவர்கள் அதிகம். கிரிவலப் பாதையில் மரத்தடியில் படுத்திருக்கும் சாமியார்களை எடுக்காமல் யாரும் போவதில்லை. வேறு ஊரிலிருந்து வந்த ஒரு தம்பி அப்படி ஒரு படத்தைக் காட்டி அபிப்பிராயம் கேட்டார். இடது பக்கம் கால்வாசி வெறும் விளம்பரப் பலகை. கிராப் பண்ணலாமே, அந்த ஓரத்தை வெட்டிவிடலாமே என்றேன். "கார்ட்டியே-பிரெஸ்ஸோன் கிராப் பண்ண மாட்டார் சார்" என்றார்.

பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞரான பிரெஸ்ஸோன் கிராப் பண்ணுவதை எதிர்த்தவர்தான். ஆனால் 1932-ல் பாரிஸ் செயின்ட் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தண்ணீரைத் தாண்டும் மனிதரை எடுத்த அந்தப் புகழ்பெற்ற படம் கிராப் பண்ணப்பட்டதே. வேலி இடுக்கு வழியாக எடுத்ததால் இடது ஓரத்தில் வேலி வந்து மறைத்தது, அதை வெட்டினார்கள். இதைச் சொல்லிவிட்டு, ஒரு அட்டையை 'ட' வடிவத்தில் இரண்டு துண்டாக வெட்டி, திரையின் மேல் வைத்து நகர்த்திப் பார்க்கச் சொன்னேன். எங்கே நிறுத்துவது என்பதை அவரிடமே விட்டேன். பலகையும் போயிற்று, கூடவே மேலே இருந்த வெறும் வானமும் போயிற்று.

ஆனால் அந்தப் படத்தில் அட்டையால் சரிசெய்ய முடியாதது ஒன்று இருந்தது. "அவரு முழிச்சதும் பேசினீங்களா?" என்று கேட்டேன். இல்லை. "அவர்கிட்ட இந்தப் படத்தைக் காட்ட உங்களுக்குச் சங்கடமா இருக்குமா?" என்றும் கேட்டேன். குறை சொல்லும் குரலில் கேட்கவில்லை. படத்தைப் பற்றிய கேள்விகளில் இதுவும் ஒன்று என்றுதான் நினைக்கிறேன். கூர்மை, வெளிச்சம், சட்டம் எல்லாவற்றையும் பேசிவிட்டு, படத்தில் இருக்கும் மனிதரை மட்டும் விட்டுவிட முடியாது. தம்பி யோசித்துவிட்டு, "வாய் திறந்து தூங்குறார். காட்டினா கஷ்டமாத்தான் இருக்கும்" என்றார்.

அடுத்த பௌர்ணமிக்கு மறுபடி வந்தார். அதே பெரியவரிடம் பேசி, உட்கார்ந்திருக்கும்போது எடுத்த படத்தோடு மாலையில் என்னைப் பார்க்க வந்தார். சட்டம் முதல் படத்தைவிடச் சுமார்தான், தலைக்குப் பின்னால் ஒரு கம்பம் முளைத்து நிற்கிறது. அதையும் சொன்னேன். ஓர் அடி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் கம்பம் தலையைவிட்டு விலகியிருக்கும். பெரியவருக்குக் கொடுக்க பிரிண்ட் போடப் போகிறாராம். பளபளப்பில்லாத மேட் பேப்பரில் போடச் சொல்லியிருக்கிறேன். துணிப்பையில் வைத்துக்கொண்டு நடப்பவர், பளபளப்பான தாளில் கீறல் பளிச்சென்று தெரியும்.