பாத ரிஃப்ளெக்ஸாலஜி: அப்பாவின் குதிகால் வலிக்கும் அம்மாவின் சர்க்கரைக்கும் கேட்குமா?

அம்மாபேட்டை_நாடா கேட்டது:

வணக்கங்க. அப்பாவுக்கு 56 வயசு, விசைத்தறி ஓட்டுகிறார். ஷிப்டு முழுக்க சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற வேலை. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் சுருக்கென்று வலி. கொஞ்சம் நடந்தால் குறைகிறது. அம்மாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை, மாத்திரை சாப்பிடுகிறார், பாதத்தில் மதமதப்பு இருக்கிறது. பாதத்தில் புள்ளி பார்த்து அழுத்தினால் சர்க்கரை, சிறுநீரகக் கல் வரைக்கும் சரியாகும் என்று டவுனில் ஓரிடத்தில் படம் காட்டிச் சொல்கிறார்கள். இது உண்மைதானா? வீட்டிலேயே செய்வதென்றால் எப்படி? யாருக்குச் செய்யக்கூடாது?

பத்து_மண்டலம்:

இந்தத் தொழில் தெரிந்தவன் என்ற முறையில் முதலில் ஒன்று: அந்தப் படம் நம்ம ஊர் வர்மப் புள்ளி கிடையாது. அமெரிக்காவில் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் 1910களில் உடம்பை நெடுக்கு வாட்டில் 10 மண்டலமாகப் பிரித்தார். 1930களில் யூனிஸ் இங்ஹாம் அதைப் பாதத்துக்குக் கொண்டுவந்தார். அந்தப் படத்தில் பாதத்தின் ஒவ்வொரு இடமும் ஒரு உறுப்புக்கு என்று இருக்கும்: கால் கட்டைவிரல் தலைக்கு, விரலடி மேடு நுரையீரலுக்கு, உள்வளைவு வயிற்றுக்கும் குடலுக்கும், பாதத்தின் உள் ஓரம் முதுகெலும்புக்கு, குதிகால் இடுப்புக்கு. கல்லீரல் வலது பாதத்தில் மட்டும், இதயம் இடதில். பள்ளிக்குப் பள்ளி படம் கொஞ்சம் மாறும். இதை வாடிக்கையாளரிடம் யாரும் சொல்வதில்லை.

நன்றாகச் செய்தால் உடம்பு தளரும், பதற்றம் குறையும், சிலருக்குத் தூக்கம் வரும். நான் உறுதி சொல்வது அவ்வளவுக்குத்தான். 2011இல் 23 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு, எந்த நோயையும் இது குணப்படுத்துகிறது என்பதற்கு நம்பும்படியான சான்று இல்லை என்றுதான் முடித்தது.

வீட்டில் செய்கிற முறை: சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழியட்டும். காலைக் கழுவி, விரலிடுக்கு உட்பட ஈரம் போகத் துடைத்து, கணுக்காலுக்கடியில் சுருட்டிய துண்டு வையுங்கள். எண்ணெய் வேண்டாம், விரல் வழுக்கிவிடும். கொஞ்சம் பவுடர் போதும். முதல் 2 நிமிஷம் கணுக்காலை இரண்டு பக்கமும் மெதுவாகச் சுழற்றி, பாதத்தை முறுக்கித் தளர்த்துங்கள். பிறகு உங்கள் கைக் கட்டைவிரலின் முதல் கணுவை மடக்கி நிமிர்த்தி, கம்பளிப்பூச்சி ஊர்வது போல, நெல்மணி அளவு முன்னே நகர்த்திக்கொண்டே போக வேண்டும். குதிகாலில் தொடங்கி விரல் நுனி வரை, பக்கத்துப் பக்கத்தில் ஐந்து வரி. பின்னால் இழுக்கக்கூடாது. மற்ற நாலு விரலும் பாதத்தின் மேல்புறம் அணைகொடுக்கணும். ஒரு பாதத்துக்கு 10 முதல் 15 நிமிஷம். கடைசியில் விரலடி மேட்டுக்குச் சற்றுக் கீழே நடுவிலுள்ள பள்ளத்தில், மூச்சை இழுக்கும்போது அழுத்தி விடும்போது தளர்த்தி, ஐந்து முறை.

வலியை 10க்கு அளந்தால் 4ஐத் தாண்டக்கூடாது. “வலிச்சால்தான் வேலை செய்யுது” என்று மரக்குச்சியால் குத்துவது கன்றிப்போகத்தான் உதவும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது ஆபத்து. அடிக்கடி கெடுவது அழுத்துகிறவர் கைதான். கணுவை மடக்காமல் நேராகக் குத்தினால் சில வாரத்தில் கட்டைவிரல் அடிமூட்டு வலிக்க ஆரம்பிக்கும்.

குகை_பிசியோ:

அப்பாவுக்கு நீங்கள் சொல்கிற அறிகுறி பாத அடிச்சவ்வு வலிக்கு அப்படியே பொருந்துகிறது. ராத்திரி சுருங்கிக் கிடந்த சவ்வு முதல் அடியில் இழுபடும், அதனால்தான் காலை வலி. அழுத்திவிட்டால் ஒரு மணி நேரம் சுகமாக இருக்கும், மறுநாள் திரும்ப வரும். இழுவைப் பயிற்சிதான் கேட்கும்.

கட்டிலில் உட்கார்ந்தபடியே, கீழே கால் வைப்பதற்கு முன்னால், வலிக்கிற காலை மறு தொடைமேல் போட்டு விரல்களைக் கையால் முட்டிப் பக்கமாக வளையுங்கள். உள்வளைவில் கயிறு மாதிரி ஒன்று இறுகித் தெரியணும். 10 விநாடி பிடித்து, 10 முறை, நாளைக்கு 3 வேளை. பலரும் நடந்து முடித்த பிறகு இதைச் செய்துவிட்டு “கேட்கவில்லை” என்கிறார்கள். கூடவே சுவரைப் பிடித்து முட்டியை மடக்காமல் கெண்டைக்கால் இழுவை, 30 விநாடி, 3 முறை. அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் உறையவைத்து, மெல்லிய துணி சுற்றி, வேலை முடிந்ததும் பாதத்தடியில் 5 முதல் 10 நிமிஷம் உருட்டலாம்.

பட்டறையில் வெறுங்காலோடு நிற்பதை நிறுத்தாமல் எதுவும் நிலைக்காது. எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற ரப்பர் அடி உள்ளது), பின்வார் உள்ளதாக வாங்குங்கள். தீர 3 மாதத்துக்கு மேலும் ஆகும், பொறுமை வேணும்.

அம்மா விஷயம் வேறு. மதமதப்பு இருக்கிற பாதத்தில் “வலித்தால் சொல்லு” என்பதே பயன்படாது. ஒரு எளிய சோதனை: கண்ணை மூடச்சொல்லி, இரண்டு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் சுட்டுவிரலால் ஒன்றிரண்டு விநாடி லேசாகத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது, ஒரே விரலை மறுபடி தொடவும் கூடாது. ஆறில் இரண்டு இடம் தெரியாவிட்டால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு, அழுத்தும் வேலையை விட்டுவிட்டு மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுங்கள். எல்லாம் தெரிந்தாலும் மதமதப்பு இருப்பதால் ஒருமுறை காட்டிவிடுவதே சரி. உறைந்த பாட்டில், சுடுதண்ணீர் இரண்டும் அம்மாவுக்கு வேண்டாம்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் யாராக இருந்தாலும் கை வைக்கக்கூடாது. உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஆறாத புண், பித்தவெடிப்பில் ரத்தம், புது எலும்பு முறிவு இருந்தாலும் தள்ளிப்போடுங்கள். கர்ப்பிணி என்றால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை_கொலுசு:

எல்லாரும் பயமுறுத்துறீங்க. கணையப் புள்ளியை அழுத்தின உடனே மெஷினில் 180 இருந்தது 160 ஆனதைக் கண்ணால் பார்த்தவங்க இருக்காங்க. கல்லும் கரைஞ்சிருக்கு.

பத்து_மண்டலம்:

கொலுசு அண்ணா, வீட்டுக் குளுக்கோமீட்டருக்கு 15 சதவீதம் வரை ஏற இறங்கக் காட்ட அனுமதி உண்டு. 180க்கு அது 153 முதல் 207 வரை. அரை மணி நேரம் அசையாமல் படுத்திருந்ததும், சாப்பிட்டு நேரம் ஆனதும் வேறு சேரும். சர்க்கரை இறங்கியதா என்று பார்க்க எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை பாருங்கள், அது ஏறக்குறைய 3 மாதச் சராசரி. கல்லைப் பொறுத்தவரை 5 மில்லிமீட்டருக்குக் குறைந்தவை பெரும்பாலும் தானே இறங்கிவிடும். சேலத்து வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு, குடிக்க ஆரம்பித்ததும் இறங்கியதற்குப் பாதம் பேர் வாங்குகிறது. புள்ளியை அழுத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்தச் சொன்னால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

அம்மாபேட்டை_நாடா:

ரொம்ப நன்றிங்க. தொட்டுப் பார்த்தேன், அம்மாவுக்கு இடது காலில் இரண்டு விரல் தெரியவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம்: அதே இடத்தில் உப்புத்தண்ணீர் மெஷினில் கால் வைத்தால் நச்சு இறங்கித் தண்ணீர் பழுப்பாகிறது என்கிறார்கள். ஏற்காட்டிலிருந்து வாங்கிவந்த யூகலிப்டஸ் தைலம் இருக்கிறது, அதை அப்பாவுக்குத் தேய்க்கலாமா?

சேர்வராயன்_மிளகு:

மெஷினில் காலை வைக்காமல் உப்பு மட்டும் போட்டு ஓடவிடச் சொல்லுங்கள், அப்பவும் பழுப்பாகும். உள்ளே இருப்பது இரும்புத் தகடு. உப்புத்தண்ணீரில் மின்சாரம் பாய்ந்தால் தகடு அரித்துத் துரு இறங்கும். நிறம் முழுக்க அதுதான்.

தைலத்தை அப்படியே தேய்த்தால் சிலருக்குத் தோல் எரிந்து சிவந்துவிடும். 10 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 4 சொட்டு போதும், சுமார் 2 சதவீதம் வரும். முதலில் முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். விரலிடுக்கில் எண்ணெய் தங்கவிட்டால் சேற்றுப்புண் இருக்கிறவருக்கு அது கூடும், துடைத்துவிடணும். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், சில மில்லி உள்ளே போனாலே வலிப்பு வரலாம். தேய்த்த காலோடு குளியலறை ஓட்டுத்தரையில் அப்பா நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குகை_பிசியோ:

டாக்டரிடம் போகும்போது அம்மா தினமும் போடுகிற செருப்பையும் எடுத்துப்போங்க, எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்க்க உதவும். பூங்காவில் கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதையில் வெறுங்காலோடு நடக்க இனி அனுப்ப வேண்டாம். மத்தியான வெயிலில் அந்தக் கல் சுடுவதே அவருக்குத் தெரியாது.