மறு: சைனோவியல் மூட்டு – திரவமா, உயவா?

> திரவ மூட்டு என்றே வைத்துவிடலாமே. பிள்ளைகள் வாயில் நுழையும்.

வணக்கம் டீச்சர். மூட்டு வகைகளுக்கு நாம் போடும் தமிழ்ப் பெயர்ப் பட்டியலில், சைனோவியல் மூட்டுக்கு (முழங்கால்போல் உள்ளே நீர் இருந்து நன்றாக அசையும் மூட்டு) ‘திரவ மூட்டு’ என்றால் வாயில் நுழையும், சரிதான். ஆனால் குன்னூரில் என்னிடம் பிசியோதெரபிக்கு வரும் தோட்டத்து அம்மாக்களிடம் இந்தச் சொல்லைச் சொன்னால், “அய்யோ, முட்டியில நீர் கோத்துக்கிச்சா?” என்பார்கள். நோயில்லாத முழங்காலில் இருக்கும் நீர் சாதாரணமாக 4 மில்லியைத் தாண்டாது. அது கூடினால்தான் வீக்கம். நன்றாக இருக்கிற மூட்டுக்கு நோயின் அடையாளத்தையா பெயராக வைப்பது?

அந்த நீர் என்ன வேலை செய்கிறது என்று பார்த்து வைப்போம். எலும்பு முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு குழி, சுற்றிலும் உறை. உறையின் உட்சவ்வு சுரப்பதுதான் இந்த நீர். ஹையலூரானிக் அமிலம் இருப்பதால் விரலில் தொட்டால் நூலாக இழுபடும். உராய்வைக் குறைக்கிறது, ரத்தக்குழாயே இல்லாத அந்தக் குருத்தெலும்புக்குச் சோறு போடுவதும் இதுதான். 16ஆம் நூற்றாண்டில் சைனோவியா என்று பெயரிட்ட பாராசெல்சஸ் முட்டை வெண்கருவை மனதில் வைத்துச் சொன்னார் என்பார்கள். நமக்கு வெண்கரு வேண்டாம். வண்டி அச்சுக்கு இடும் மைக்கு ‘உயவுநெய்’ என்று தமிழில் பேர் உண்டு. பள்ளி அறிவியலிலும் ‘உயவுப்பொருள்’ புழங்குகிறது. என் ஓட்டு ‘உயவு மூட்டு’க்கு. நீர், ‘உயவுநீர்’.

பழந்தமிழில் உயவு என்றால் வருத்தம் என்று புலவர் ஐயா போன மடலில் எச்சரித்தார். உண்மைதான். மூட்டு தேய்ந்தவர்களைக் கேட்டால் இரண்டு பொருளும் பொருந்துகிறது என்பார்கள், விடுங்கள் ஐயா.

> அசையாத மண்டையோட்டு இணைப்பை ‘மூட்டு’ என்பது சரியா? ‘தையல்’ போதாதா?

இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஸ்கேன் அறிக்கையில் ‘தலையில் தையல்’ என்று எழுதினால் வீட்டார் காயத்தைத் தேடுவார்கள். உரச்சாக்கின் வாயைக் கோணி ஊசியால் எப்படி மூட்டுகிறோம்? இந்தப் பக்கம் ஒரு குத்து, அந்தப் பக்கம் ஒரு குத்து. இழுத்தால் இரண்டு விளிம்பும் கடித்துக்கொண்டு நிற்கும். மண்டையோட்டு எலும்புகளும் அப்படித்தான், விளிம்பு ரம்பப் பல்லாக ஒன்றுக்குள் ஒன்று கோத்து, நடுவில் மெல்லிய நார்த்திசு. மூட்டியதுதானே மூட்டு! அசைந்தால்தான் மூட்டு என்பது முழங்காலை மட்டும் பார்த்துப் பழகிய பழக்கம். அசையாது என்பதும் பெரியவர்களுக்குத்தான். கைக்குழந்தைக்கு இந்த எலும்புகள் நெகிழ்ந்தே இருக்கும்; முன் உச்சிக்குழி மூட ஏறத்தாழ ஒன்றரை வயது வரை ஆகும்.

ஆக, நார் மூட்டு, குருத்தெலும்பு மூட்டு (முள்ளெலும்புகளுக்கு நடுவே தட்டு இருக்கும் இடம்), உயவு மூட்டு. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே என்ன இருக்கிறதோ அதுவே பெயர். பல்லும் தாடையும் சேரும் இடத்துக்கு ‘ஆணி மூட்டு’, ஆட்சேபம் இல்லை.

இடறுவது ‘கீல் மூட்டு’, அதாவது கதவுபோல் ஒரே வாக்கில் மடங்கி நீளும் மூட்டு. கீல் என்றாலே உடலின் மூட்டு என்று பழைய பொருள் உண்டு. கீல்வாதம் அப்படி வந்ததுதான். என்னிடம் படிக்கும் ஒரு பெண், இரண்டு கீலையும் ஒன்றென்று நினைத்து, கீல்வாதம் முழங்கைக்கும் விரலுக்கும் மட்டுமே வரும், இடுப்புக்கு வராது என்று பரீட்சையில் எழுதியிருந்தாள். அவள்மேல் தப்புச் சொல்ல முடியுமா? வேறு சொல் இருந்தால் கொடுங்கள்.

கோத்தகிரியிலிருந்து

தம்பி, எங்கள் அப்பா 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். எங்கள் வீட்டுக் கதவுக்கு இன்றும் ‘பிணைச்சல்’தான், கீல் கிடையாது. இலங்கையில் பள்ளிக்கூடத்தில் ‘பிணையல் மூட்டு’ என்றே படிப்பார்கள். கீலை நோய்க்கே விட்டுவிடுங்கள். ஆனால் முழங்காலையும் இதில்தான் சேர்ப்பீர்களா? கொழுந்து மூட்டையோடு சரிவில் இறங்குகிறவள் கால், கதவு மாதிரியா திறந்து மூடுகிறது?

குன்னூரிலிருந்து

அக்கா, பிணையல் பிரமாதம். எடுத்துக்கொண்டேன்.

முழங்கையைத் தயங்காமல் அதில் சேர்க்கலாம். முழங்கால் கொஞ்சம் கள்ளத்தனம் பண்ணும். காலை முழுக்க நீட்டுகிற கடைசிக் கட்டத்தில், கீழேயுள்ள பெரிய எலும்பு சற்றே வெளிப்பக்கம் திரும்பிப் பூட்டிக்கொள்ளும். நெடுநேரம் நிற்க முடிவது அதனால்தான். மடக்க ஆரம்பிக்கும்போது முழங்காலுக்குப் பின்னால் உள்ள ஒரு சின்னத் தசை பூட்டைத் திறக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தை உள்ளும் வெளியும் திருப்பிப் பாருங்கள். முட்டிக்குக் கீழே எலும்பு சுழல்வது கைக்குத் தட்டுப்படும். பிணையலுக்குக் கீழே ‘திருகு பிணையல்’ என்று ஓர் உட்பிரிவு போடுவோம்.

கட்டைவிரலின் அடிமூட்டுக்குக் கூடலூர் நண்பர் ‘கணவாய் மூட்டு’ என்றார். மலைக்காரர் கண் அப்படித்தான் பார்க்கும்: நீளவாக்கில் பள்ளம், குறுக்குவாக்கில் மேடு. வடிவம் அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் தூத்துக்குடிக்காரர் கணவாய் மீனையல்லவா நினைப்பார்? ஊட்டி ஏரிக்கரையில் குதிரை ஏறின பிள்ளைக்குச் சேணம் தெரியும். ‘சேண மூட்டு’ என்றே இருக்கட்டும். ரெண்டு இலை ஒரு மொட்டு என்று கிள்ளும்போது கட்டைவிரல் மற்ற விரலுக்கு எதிரே வந்து நிற்பது இந்த மூட்டால்தான். வயதான பெண்களுக்கு எளிதில் தேய்வதும் இதுவே.

மிச்சம் ஒன்று. தலையை ‘மாட்டேன்’ என்று ஆட்டும்போது கழுத்தின் முதல் எலும்பு, இரண்டாவதன் முளையைச் சுற்றித் திரும்புகிறது. ‘முளை மூட்டு’ என்று போட நினைக்கிறேன். ‘சுழலச்சு மூட்டு’தான் வேண்டும் என்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்றைக்குப் பட்டியலில் ஏற்றிவிடுவேன்.