புதுப்பிப்பு: நியூயார்க் மாநிலக் கல்விக்கடன் உதவி, தம்பிக்குக் கிடைச்சாச்சு

நியூயார்க் நகரத்துல குவீன்ஸ் பகுதியில் இருக்கும் என் தம்பி பட்டம் முடிச்சு, குறைஞ்ச சம்பளத்துல கடன் தவணை கட்ட முடியாம திணறுறான், மாநில அரசு உதவி உண்டான்னு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலிச்சது, "கெட் ஆன் யுவர் ஃபீட்" என்ற மாநிலக் கடன் தள்ளுபடித் திட்டத்தைச் சொன்னவரோட யோசனை. அதைவிட முக்கியம், முதல்ல கடனை வருமானத்துக்கேற்ற தவணை முறைக்கு மாத்தச் சொன்னது. வழக்கமான தவணையில் இருந்தா இந்த உதவியே கிடையாது. மாத்தின பிறகுதான் விண்ணப்பிச்சான், ஒப்புதல் வந்துடுச்சு. அதிகபட்சம் 24 மாதத் தவணையை மாநிலமே கட்டும்.

பின்னால தேடி வர்றவங்களுக்கு: உயர்நிலைப் பள்ளி, கல்லூரி ரெண்டும் நியூயார்க்கிலேயே முடிச்சிருக்கணும். வருமானம் 50,000 டாலருக்குள்ள. பட்டம் வாங்கி 2 வருஷத்துக்குள்ள விண்ணப்பம் போயிடணும். முதுகலைப் பட்டம் வாங்கியிருந்தா தகுதி போச்சு. தவணை பாக்கியும் இருக்கக் கூடாது.

நாங்க எதிர்பார்க்காதது ஒண்ணு. தள்ளுபடின்னு பேர் இருந்தாலும் மொத்தக் கடன் தள்ளுபடி ஆகாது, மாதத் தவணை மட்டும்தான். அந்தத் தவணை வட்டியைவிடக் கம்மியா இருந்தா அசல் அப்படியே நிற்கும். தனியார் வங்கிக் கடனுக்கு இது செல்லாது. தம்பிக்கு அப்படி ஒரு சின்னத் தனியார் கடனும் இருக்கு, அதை அவனே கட்டிட்டு வர்றான்.